பொருள் எண் பதினொன்று

பதிவாளர் மூன்றாவது பொருளை வாசிக்கத் தொடங்கியபோது பேராசிரியர் வேலாயுதப்பெருமாள் பதினோராவது பொருளில் இருந்தார். பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுக் கூட்டம் என்றால் எல்லாருக்குமே அப்படித்தான், உடம்பு ஒரு பக்கத்தில் இருக்கும், மனசு பத்துப் பக்கம் தள்ளி இருக்கும். மற்றவர்களின் மனசு மதியச் சாப்பாட்டிலோ மகளுக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையிலோ இருந்தது. இவருடையது பதினொன்றில் இருந்தது. பதினொன்று கோமதிநாயகியுடையது. நீள மேசையின் எதிர்ப்பக்கம், துணைவேந்தரிடமிருந்து மூன்றாவது நாற்காலியில், காலையில் போர்த்திய பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பென்சிலால் என்னவோ குறித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுக் கூப்பிடும்போது கோமதி மேடம், மனசுக்குள் மட்டும் அவள் இவள். பதினைந்து நாள் முன்புவரை மனசுக்குள்ளும் மேடமாகத்தான் இருந்தாள். மாணவர் நல டீன் என்று அவள் பேருக்கு உத்தரவு வந்த அன்று சாயங்காலம் அந்த மேடம் உதிர்ந்துவிட்டது. அப்புறம் எவ்வளவு ஒட்டவைத்துப் பார்த்தாலும் நிற்கவில்லை. ஏன் பென்சில்? எல்லாரும் பேனா வைத்திருக்கிறார்கள், இவளுக்கு மட்டும் என்ன பென்சில்? பென்சில் வைத்திருப்பவர்கள் அடித்துத் திருத்தத் தயாராக இருப்பவர்கள், அடக்கமானவர்கள், பிறர் சொல் கேட்பவர்கள் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள் அல்லவா, அதற்காகத்தான். பென்சிலில்கூட ஒரு சாமர்த்தியம். அப்படி நினைத்த உடனேயே, அறுபது வயசு ஆகப்போகிற மனுஷன் ஒரு பென்சிலைப் பார்த்து எரிந்துகொண்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததே தவிர எரிச்சல் போகவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன.

மூன்று அப்ரூவ்டு. ஆட்சிக்குழுவில் வேலை நடக்கும் விதம் அது. பதிவாளர் தலைப்பை வாசிப்பார், ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்துவார், யாரும் வாய் திறக்காவிட்டால் துணைவேந்தர் அப்ரூவ்டு என்பார், காகிதம் புரளும். ஒவ்வொருவர் முன்னாலும் தடித்த கோப்பு, தண்ணீர் பாட்டில், காகிதத் தட்டில் முந்திரியும் இரண்டு பிஸ்கட்டும், கூடவே இந்த மாதச் செய்தி மடல். மடலைக் கவிழ்த்து வைத்திருந்தார், முதல் பக்கத்தில் அவள் படம் இருந்ததால். கால் பக்கப் படம். மாணவிகள் நாலு பேர் நடுவில் நின்று சிரிக்கிறாள், ஒருத்தியின் தோளில் கை. பேராசிரியர்கள் மாணவர்கள் தோளில் கை போடுவது எப்போதிலிருந்து ஆரம்பித்தது? அவர் படித்த காலத்தில் ஆசிரியர் கை மாணவன் மேல் பட்டால் அது அடியாகத்தான் இருக்கும். கவிழ்த்து வைத்ததிலும் நிம்மதி இல்லை, ஏனென்றால் கடைசிப் பக்கம் மேலே வந்துவிட்டது, அங்கே ஆசிரியர், அலுவலர் செய்திகள். பதவி உயர்வு பெற்றோர், வெளிநாடு சென்று திரும்பியோர், மணமக்கள், கடைசியில் ஓய்வு பெறுவோர். ஒரு நூலக உதவியாளர், ஒரு ஓட்டுநர், தோட்டப் பிரிவில் ஒருவர், நாலாவதாக அவர். முப்பத்தொரு வருஷம் ஒரு வரியில் அடங்கிவிட்டது, அதிலும் இனிஷியலைக் காணோம். அக்டோபர் முப்பத்தொன்றோடு அறுபது முடிகிறது. வருஷ நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியருக்கு, பாடம் தடைப்படாமல் இருக்க, மே மாதம்வரை மறுநியமனம் கொடுப்பார்கள். வழக்கமாக எல்லாருக்கும் கொடுப்பது. இன்றைய கோப்பிலும் எங்கோ பின்னால் அது இருந்தது. அதைப் பற்றி அவர் ஐந்து நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசனைக்கு இடமிருந்தால்தானே? வீட்டுக்காரி கனகவல்லிகூடக் கேட்டாள், டீன் ஆகியிருந்தால் மட்டும் என்ன பண்ணியிருப்பீர்கள், ஏழெட்டு மாதம்தானே என்று. ஏழெட்டு மாதம் என்றால் ஏழெட்டு மாதம். ஒரு நாள் என்றாலும் ஒரு நாள். அறையின் கதவில் பலகை மாட்டியிருப்பார்கள் அல்லவா, கழற்றின பிறகும் ஆணி இருந்த இடம் இருக்கும். இதையெல்லாம் கனகவல்லியிடம் சொல்ல முடியுமா? சாம்பார் ஊற்றவா என்று கேட்பாள்.

இப்போது ஐந்தா ஆறா. ஆறு. தாவரவியல் துறைக்குச் செடி வளர்க்கக் கண்ணாடிக்கூடு. யாரோ கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்க, யாரோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்லது, பேசட்டும். தான் சொல்லவேண்டியதை இன்னொரு தடவை சொல்லிப் பார்க்க நேரம் கிடைக்கும். ஒரே வாக்கியம்தான். காலையில் குளிக்கும்போதே பழகிவிட்டார். ‘நல்ல முயற்சிதான், ஆனா நிறைய சிக்கல் இருக்கு, இதை ஒரு சப்-கமிட்டிக்கு அனுப்பிடலாம்.’ எதிர்ப்பு மாதிரியே தெரியாது, அக்கறை மாதிரி இருக்கும். ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும், சப்-கமிட்டிக்குப் போனது திரும்பி வந்ததில்லை. ஐந்து பேரை நியமிப்பார்கள், ஒருவர் ஊரில் இருந்தால் இன்னொருவர் இருக்கமாட்டார், முதல் கூட்டத்தில் அடுத்த கூட்டத்துக்குத் தேதி பார்ப்பார்கள், அதற்குள் துணைவேந்தர் மாறிவிடுவார். முப்பது வருஷத்தில் சப்-கமிட்டிக்குப் போய் உயிரோடு வந்தது விடுதிச் சமையலறை ஒன்றுதான், அதுவும் கூரை தானாக விழுந்ததால். ஆட்சிக்குழுவில் மூத்தவர் இப்போது அவர். மூத்தவர் ஒரு வார்த்தை சொன்னால் துணைவேந்தர் தட்டமாட்டார், புதிதாக வந்தவர், யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாதவர். ஆகவே சரியாகப் பதினொன்றில், பதிவாளர் மூச்சு விடும் அந்த இடைவெளியில், தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த ஒரு வாக்கியம். பென்சில் அப்படியே நிற்கும். அவள் முகம் எப்படி ஆகும்? கறுக்குமா? கறுக்காது, சிரிப்பாள், அதுதான் தொல்லை. சரி, சிரித்தாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அழுவாள் இல்லையா. அழட்டும். அழவேண்டும் என்று நிஜமாகவே விரும்புகிறோமா? விரும்புகிறோம் என்றுதான் தோன்றியது. ஏசி ஒழுகி அவர் செருப்புக்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தது, காலை நகர்த்திக்கொண்டார்.

பதினொன்று என்னவென்று கேட்டால் அதில்தான் வயிற்றெரிச்சலின் வேர் இருக்கிறது. நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வகுப்புக்கு வந்தால்தான் பரீட்சை எழுதலாம் என்பது விதி. குறைந்தவர்களைப் பட்டியல் போட்டு நிறுத்திவிடுவார்கள், அவர்கள் அந்த வருஷத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். இனிமேல் அப்படி இல்லை, உடம்பு சரியில்லாமலோ வீட்டுச் சூழ்நிலையாலோ குறைந்தவர்கள் விடுமுறையில் ஈட்டு வகுப்புக்கு வந்து கூடப்படித்தவர்களோடேயே பரீட்சை எழுதலாம் என்பது கோமதிநாயகி கொண்டுவந்திருக்கும் திருத்தம். மாணவர் மையக் கொள்கை என்று மடலில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கொள்கையாம் கொள்கை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே விஷயத்தை, ஈட்டு வகுப்பு என்ற அந்தப் பேர் உட்பட, மூன்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தவர் வேலாயுதப்பெருமாள். எழுத வைத்தவள் ஞானசெல்வி. இரண்டாம் வருஷம் புள்ளியியல் படித்த பெண், கழுத்துவரை பித்தான் போட்ட சட்டை, எப்போதும் இரண்டாவது பெஞ்சின் ஓரம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்து இருந்து வருகை அறுபத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவர் துறைத்தலைவர், அதாவது அவர். போட்டார். விதி என்ன செய்ய. அவள் அறைக்கு வந்து நின்றாள், அழவில்லை. “ஒரு வருஷம்னா முழுசா ஒரு வருஷமா சார்?” என்று மட்டும் கேட்டாள், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில். ஆமாம்மா என்றார். மறு வருஷம் வருகைப் பதிவேட்டில் அவள் பேர் இருந்தது, அவள் இல்லை. மூன்று மாதம் கூப்பிட்டுப் பார்த்தார், ஞானசெல்வி, ஞானசெல்வி, யாராவது ஆப்சென்ட் சார் என்பார்கள், பிறகு பேரை அடித்துவிட்டார். அந்த வாரம்தான் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினார். அவ்வளவு நல்ல தமிழ் தன் கையிலிருந்து அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

அந்த மூன்று பக்கம் எங்கேயோ இந்தக் கட்டடத்தில் ஏதாவது ஒரு பீரோவில் இருக்கும். அதைத்தான் இவள் தோண்டி எடுத்திருக்க வேண்டும். வேறெப்படி அதே பேர் வரும்? யாரோ மரத்தில் ஏறி வெட்டிப் போட்டதை நோகாமல் நுங்கு தின்கிறாள். ஆனால் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நினைப்பு ஒரு முள்ளில் மாட்டிக்கொள்ளும், இந்தப் பதினைந்து நாளாக அப்படித்தான். மாட்டிக்கொண்டதும் அவசரமாக வேறு பக்கம் திரும்பிவிடுவார். இப்போதும் திரும்பினார். ஏழு அப்ரூவ்டு. பேருந்துகளுக்கு டயர். டயர் எவ்வளவு நல்ல விஷயம், யாரும் யாரையும் பார்த்து டயருக்காகப் பொறாமைப்படுவதில்லை. திரும்பியும் அந்த முள் அங்கேயே இருந்தது. மூன்று பக்கத்தை வாங்கின அன்றைய துணைவேந்தர் அதைக் கொல்லவில்லை, பார்த்தேன் என்று பச்சை மையில் எழுதித் திருப்பினார், அவ்வளவுதான். வெளியே வரும்போது அவருடைய நேர்முக உதவியாளர் தோளில் கைபோட்டுச் சொன்னார், சார், உங்க பேராசிரியர் பதவி உயர்வு இன்டர்வியூ அடுத்த மாசம் வருது, இப்போ இதைப் போட்டு நோண்டணுமா, ஐயாவுக்கு ஒழுக்கம்னா உயிர். அவர் நோண்டவில்லை. அடுத்த மாதம் பேராசிரியர் ஆனார். அதற்கடுத்த மாதம் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை, புது வீட்டுக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் எடுத்திருக்கலாம். அதற்குப் பிறகு எட்டுப் பட்டியல்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், எட்டு வருஷம், வருஷத்துக்கு ஐந்தாறு பேர். பேர் ஒன்றும் ஞாபகமில்லை. ஞானசெல்வி ஒருத்தி மட்டும் போதும் என்று மனசு முடிவு பண்ணிவிட்டதோ என்னவோ. கொன்றது யார் என்று கேட்டால்? யாரும் கேட்கவில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை. இன்று அது பாஸானால் ஒருவேளை கேட்பார்கள், இவ்வளவு சுலபமான விஷயத்தை ஏன் சார் இத்தனை வருஷம் செய்யவில்லை என்று, மூத்தவர் நீங்கள்தானே என்று. மடித்திருந்த சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டுக்கொண்டார். ஏசிதான். ஏசியாகத்தான் இருக்க வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் இயற்பியல் முகைதீன் முந்திரியை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார், முப்பது வருஷ சிநேகிதர். ஆட்சிக்குழுவுக்கு வருவதே முந்திரிக்குத்தான் என்று அவரே சொல்வார். இவரால் எப்படி முடிகிறது? தன்னைவிட நாலு வயசு இளையவள் ஒருத்தி டீனாகப் போனதை முகைதீன் ஒரு சிட்டிகை பொடி மாதிரி தட்டிவிட்டார், “நல்ல பொம்பளைவே, வேலை செய்யும்” என்று. நல்ல பொம்பளைதான். அதுதானே பிரச்சினை. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம், நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அவள் தன் அட்டவணைகளைத் தூக்கிக்கொண்டு இவர் அறைக்குத்தான் வந்தாள், சமூகவியல்காரி, எண்களைக் கண்டால் பயம். நாலு நாள் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். அந்த ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பேர் இரண்டாவதாக இருக்கும். முதலாவது அவளுடைய நெறியாளர். இரண்டாவது. இப்போதும் பார்க்கும் இடத்தில் எழுந்து நிற்கிறாள். நிற்காமல் இருக்கலாம் அல்லவா? டீனான பிறகாவது கொஞ்சம் தலைக்கனம் வந்து, பார்க்காதது போலப் போகலாம் அல்லவா? போனால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும். நேற்றுக்கூட வராந்தாவில் வழிமறித்து, சார், நாளைக்கு நம்ம ஐட்டம் வருது, நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தைரியம் என்றாள். நம்ம ஐட்டம். என்ன நம்ம? தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? அந்தப் பழைய மூன்று பக்கத்தைப் பார்த்திருந்தால் நேரே சொல்லியிருக்கலாமே, சார், இது உங்க குறிப்பு என்று. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? சட்டையைப் பிடித்து உலுக்கின மாதிரி இருந்தது இந்தக் கேள்வி. சொல்லியிருந்தால் இன்னும் எரிந்திருப்பார். பெருந்தன்மை வேறு காட்டுகிறாளா என்று. எப்படிச் செய்தாலும் அவளுக்குத் தப்பில்லாத ஒரு வழி இருக்கவே முடியாதபடி அவர் எல்லாப் பக்கத்தையும் அடைத்துவைத்திருந்தார், அதை அவரே இப்போதுதான் பார்த்தார், பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

முழங்கையில் முகைதீன் லேசாக இடித்தார். முந்திரி வேண்டுமா என்று கேட்கிறார் போல. வேண்டாம் என்று தலையசைத்தார். மறுபடி இடித்தார். வேண்டாம்வே. பதிவாளரின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஓடிக்கொண்டிருந்தது, அதில் மாணவர் என்ற சொல் கேட்டதா, கல்வியாண்டு என்ற சொல் கேட்டதா, பாடம் தடைப்படாமல் இருக்கும் பொருட்டு என்று கேட்டது நிச்சயம். பிறகு நின்றது. மூச்சு விடும் இடைவெளி. ஆனால் இந்த இடைவெளி மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. தலை நிமிர்ந்தால் எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதிவாளர் பார்த்தார், துணைவேந்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், கோமதிநாயகி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். அப்படியென்றால் தெரிந்திருக்கிறது, மூத்தவர் என்ன சொல்வார் என்று காத்திருக்கிறார்கள், இந்த மேசையில் தன் சொல்லுக்கு இன்னும் இவ்வளவு எடை இருக்கிறது. முப்பத்தொரு வருஷத்தில் இப்படியொரு மௌனம் அவருக்காக விழுந்ததில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டாவது பெஞ்சின் ஓரத்திலிருந்து யாரோ கேட்டார்கள். ஆனால் வாக்கியம் காலையிலிருந்து நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது, அது தானாகவே எழுந்து வெளியே கிளம்பிவிட்டது. மைக்கின் சிவப்பு விளக்கைப் போட்டு, “நல்ல முயற்சிதான். ஆனா இதுல நிறைய சிக்கல் இருக்கு. இதை ஒரு சப்-கமிட்டிக்கு அனுப்பிடலாம்னு நினைக்கேன்” என்றார். குரல் நன்றாகவே வந்தது.

முகைதீனின் கை முந்திரித் தட்டுக்கு மேலே அப்படியே நின்றது. பதிவாளர் காகிதத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். அப்போதுதான் வேலாயுதப்பெருமாளும் தன் முன்னால் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். அது பத்தாவது பொருள், எப்போது திறந்ததோ. இரண்டு பக்கம் புரட்டினார். பொருள் எண் பன்னிரண்டு. புள்ளியியல் துறைப் பேராசிரியர் வேலாயுதப்பெருமாள் வரும் அக்டோபர் முப்பத்தொன்றாம் நாள் ஓய்வு பெறுவதால், பாடம் தடைப்படாமல் இருக்கும் பொருட்டு, மே முடிய மறுநியமனம் வழங்குவது குறித்து. இங்கே இனிஷியல் சரியாக இருந்தது. ஆட்சிக்குழுவில் ஒரு வழக்கம் உண்டு, ஒரு உறுப்பினருடைய சொந்த விஷயம் வரும்போது அவர் எழுந்து வெளியே போய் நிற்க வேண்டும், முடிவானதும் கூப்பிடுவார்கள். அவர் எழுந்து போவதற்காகத்தான் மேசை முழுக்க மௌனமாகக் காத்திருந்தது. முகைதீன் இடித்ததும் அதற்குத்தான். பதினொன்று எப்போதோ போய்விட்டது. இப்போது என்ன சொல்வது? ‘நான் சொன்னது இதுக்கு இல்லை, முந்தினதுக்கு’ என்று சொல்லலாம். சொன்னால் அத்தோடு எல்லாம் வெளுத்துவிடும். சொல்லாவிட்டால் தன் வேலைக்குத் தானே குழி வெட்டினதாக ஆகும். துணைவேந்தர், சார் சொன்னது எனக்கு விளங்கவில்லையே என்று தொடங்கினார்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. “சார் எப்பவும் இப்படித்தான்” என்றாள் கோமதிநாயகி. “தன் விஷயம்னு வந்தா, மூத்தவர்ங்கிறதுக்காகச் சலுகை பண்ணக்கூடாது, முறைப்படி கமிட்டி பார்க்கட்டும்னு நினைக்காங்க. ஆனா இது எல்லாருக்கும் கொடுக்கிறதுதானே சார். இதுல கமிட்டி பார்க்க ஒண்ணும் இல்லை. நான் முன்மொழியறேன்.” சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். ஒரு நொடிதான் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். எந்தப் பொருளுக்காக அந்த வாக்கியம் பழகப்பட்டது என்பது ஒரு எழுத்துவிடாமல் தெரியும். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று தேடினார், இல்லை. ஏளனமாவது இருக்குமென்று தேடினார், அதுவும் இல்லை, கொஞ்சம் களைப்பு இருந்தது, அவ்வளவுதான். மேசையைச் சுற்றி ஒரு இளக்கம் பரவியது, யாரோ சிரித்தார்கள், யாரோ அந்தக் காலத்து ஆட்கள் அப்படி என்றார்கள், இரண்டு பேர் மேசையைத் தட்டினார்கள். துணைவேந்தருக்கு நிம்மதி. “அப்படித்தானா சார்?” என்று கேட்டார். ஒரு சொல் போதும். அவள் எடுத்துக் கையில் கொடுத்திருந்த பொய்யை ஒப்புக்கொள்ள ஒரு சொல் போதும். “ஆமா சார்” என்றார் வேலாயுதப்பெருமாள். எழுந்தபோது நாற்காலி பின்னால் இருந்த சுவரில் முட்டியது. கோப்பை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் மடலை மட்டும் எடுத்துக்கொண்டு, அவள் நாற்காலிக்குப் பின்னால்தான் வழி என்பதால் அந்த வழியாகவே நடந்து, வெளியே போனார்.

வராந்தாவில் வெயில் கண்ணைக் குத்தியது. காட்டிக்கொடுத்திருக்கலாம். அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூடப் போதும், நாலு பேர் முன்னால் அவமானப்பட்டு, அதற்கு அவள்தான் காரணம் என்று கடைசிவரை வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அதையும் விடவில்லை. அவருடைய விஷத்தை வாங்கிச் சர்க்கரை போட்டு அவருக்கே ஊட்டிவிட்டாள், மேசையைக்கூடத் தட்டினார்கள், இனி இந்தப் பல்கலைக்கழகத்தில் வேலாயுதப்பெருமாள் தன்னலமில்லாத மனுஷன். இந்தப் பதினைந்து நாளில் அவள்மேல் இவ்வளவு பொறாமை வந்ததில்லை. டீன் பதவியை மறந்துவிட்டார். அவர் ஆசைப்பட்டது அந்த நொடிக்கு, விளக்கைப் போட்டு யோசிக்காமல் அப்படிப் பேசத் தெரிந்ததே, அதற்கு. அதை எங்கே போய் வாங்குவது. தூணில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பதினொன்று போய்விட்டது என்றால் பாஸாகியிருக்க வேண்டும், பதிவாளர் வாசித்திருப்பார், யாரும் பேசியிருக்கமாட்டார்கள், துணைவேந்தர் அப்ரூவ்டு என்றிருப்பார். பதினோரு வருஷமாக எப்போதாவது ஒரு நாள் கேட்போம் என்று அவர் வைத்திருந்த சொல். அந்த அறைக்குள்ளேயே, ஏழடி தூரத்தில், அதே மேசையில் உட்கார்ந்திருந்தார், கேட்கவில்லை.

படிக்கட்டில் ஐந்தாறு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்த மாணவர் பிரதிநிதி ஜெப்ரினா அவரைப் பார்த்ததும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தாள். கூட்டம் முடிந்துவிட்டதா என்று கேட்டாள், இன்னும் இல்லை என்றார். கொஞ்சம் தயங்கினாள்.

“சார், எங்க ஐட்டம் வந்துட்டா?”

“வந்துட்டும்மா. பாஸாயிட்டு.”

அவள் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அங்கே ஒரு பெண் சட்டென்று முகத்தைப் புத்தகப் பைக்குள் புதைத்துக்கொண்டாள், பக்கத்தில் இருந்தவன் அவள் முதுகைத் தட்டினான். அந்தப் பெண்ணுக்கு எத்தனை சதவீதம் இருக்கும் என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. ஜெப்ரினா கண்ணைத் துடைத்துக்கொண்டே, யாராவது எதிர்த்துப் பேசுவார்கள் என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்தோம் சார், ராத்திரி தூக்கமே இல்லை என்றாள். யாராவது பேசினார்களா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். நிஜமாகப் பார்த்தால் அதுதான் உண்மையும்கூட, பதினொன்றுக்கு யாரும் பேசவில்லை.

“ஒரு ஆள் பேசினாரு” என்றார். “பேசுறதுக்குள்ள பாஸாயிட்டு.”

அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். “எங்களுக்கு எதிராவா சார்? அப்படியும் ஒரு ஆள் இருக்காங்களா?”

“இருக்காரும்மா” என்றார் வேலாயுதப்பெருமாள்.

உள்ளே மேசை தட்டும் சத்தம் கேட்டது. மே மாதம்வரை அவருக்கு வேலை உறுதியாகிவிட்டது.